நகைச்சுவையில் ‘லூசு’, ‘நொண்டி’, ‘ஸ்பாஸ்’: சட்டம் எங்கே நிற்கிறது, பெற்றோர் எங்கே நிற்கலாம்

தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகளுக்குள் நகைச்சுவை மூன்று வாய்க்கால் வழியாக வருகிறது. சென்னையில் எடுத்த படங்கள் ஒன்று. டர்பனிலும் லெனேசியாவிலும் நம் இந்திய ஆங்கிலத்தில் நடக்கும் மேடை நிகழ்ச்சிகள் இன்னொன்று. இந்த இரண்டையும் அரை நிமிடத் துண்டாக நறுக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் துணுக்குகள் மூன்றாவது. மூன்றிலும் திக்குவாய்க்காரர் உண்டு, ‘ஸ்லோ’வான ஒன்றுவிட்ட தம்பி உண்டு, காது கேளாத தாத்தா உண்டு. ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: இதைத் தடுக்க முடியாதா?

பதில் குழம்பிக் கிடக்கிறது. 2021இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி, ‘மனம் புண்படப் பேசலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்கிறார்கள். 2024இல் கையெழுத்தான ஒரு சட்டத்தைக் காட்டி, ‘இனி ஜோக் சொன்னாலே ஜெயில்’ என்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பார்க்குமுன் சொற்களிலிருந்து தொடங்க வேண்டும்.

நோய்ப்பெயர் வசவாகும் விதம்

இன்றைய வசவுகளில் பல நேற்றைய மருத்துவச் சொற்கள். ‘இடியட்’, ‘இம்பெசைல்’ இரண்டும் தென்னாப்பிரிக்காவின் 1916ஆம் ஆண்டு மனநோய்ச் சட்டத்தில் வகைப்பெயர்கள். அதற்கு முன்மாதிரி 1913இன் பிரிட்டிஷ் சட்டம். ‘மோரன்’ என்பது 1910இல் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி கோடார்டு கிரேக்கச் சொல்லிலிருந்து உருவாக்கிய கலைச்சொல். இவை தெருவுக்கு இறங்கிக் கெட்டுப்போன பிறகு, ‘தாமதமான’ என்று மட்டும் பொருள்படும் ‘ரிட்டார்டட்’ மரியாதையான மாற்றாக வந்தது. அதுவும் கெட்டது. அமெரிக்கா 2010இல் தன் கூட்டாட்சிச் சட்டங்கள் பலவற்றிலிருந்து அதை எடுத்துவிட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலிலும் அது இல்லை.

‘ஸ்பாஸ்’ கதை இன்னும் கூர்மையானது. ‘ஸ்பாஸ்டிக்’ என்றால் தசை இறுகிப்போன நிலை. மூளை முடக்குவாதத்தின் மிகப் பரவலான வகைக்கு அதுவே பெயர். பிசியோதெரபி அறிக்கையில் இன்றும் அப்படித்தான் எழுதுவார்கள். பிரிட்டனில் 1952இல் மூன்று பெற்றோரும் ஒரு சமூகப் பணியாளரும் சேர்ந்து அந்தச் சொல்லையே பெயராக வைத்துச் சங்கம் தொடங்கினார்கள். பள்ளி மைதானங்களில் அது வசவாகிப்போய், 1994இல் சங்கம் பெயரையே மாற்றிக்கொண்டது. பெற்றோர் தம் பிள்ளைகளுக்காகத் தேர்ந்தெடுத்த சொல்லை மற்றவர்களின் பிள்ளைகள் பறித்துக்கொண்ட கதை அது. 2022இல் லிஸ்ஸோ, பியான்சே இருவரும் இதே சொல்லைத் தங்கள் பாடல் வரிகளிலிருந்து நீக்கியபோது, ‘இதில் என்ன தப்பு?’ என்று கேட்டவர்களுக்கு இந்தப் பழைய கதை தெரிந்திருக்காது.

ஆக, சொல் மாறுகிறது. செக்குமாடு சுற்றும் தடம் மாறுவதில்லை. இங்கே ‘ஸ்பெஷல் ஸ்கூல்’ என்ற அலுவல் பெயரிலிருந்து ‘ஸ்பெஷல்’ கழன்று வந்து, ‘நீ ரொம்ப ஸ்பெஷல்டா’ என்று கேலியாகிவிட்டது. தமிழில் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது நல்ல மாற்றம்தான். ஆனால் கிண்டல் தொனியில் இழுத்துச் சொன்னால் அதையும் கெடுத்துவிடலாம். ஒரு சொல்லை மட்டும் தடை செய்து நிறுத்தும் பள்ளிகளில், அடுத்த பருவத்துக்குள் பிள்ளைகள் வேறொரு சொல்லைக் கண்டுபிடித்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

திணை இறங்கும் இடம்

அப்படியென்றால் சொல் முக்கியமே இல்லையா? முக்கியம்தான். ஏன் என்பதைத் தமிழ் இலக்கணமே காட்டிக்கொடுக்கிறது.

குருடு, செவிடு, ஊமை, நொண்டி, கூன்: இவை முதலில் குறையின் பெயர்கள். குறையின் பெயரையே ஆளுக்கு வைத்துவிட்டால், வாக்கியத்தின் கடைசியில் வினைமுற்று தானாக அஃறிணைக்கு இறங்கிவிடும். ‘அந்தச் செவிடு வந்துச்சு’ என்பார்கள். ‘அந்தச் செவிடு வந்தார்’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘காது கேளாதவர் வந்தார்’ என்றால் ஆள் உயர்திணையிலேயே நிற்கிறார். ‘-அவர்’ என்ற ஒட்டு ஏதோ நாகரிகப் பூச்சு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பார்க்கலாம்.

குவாஸூலு நட்டாலில் வாழும் நமக்கு இசிஸூலு மொழியிலும் இதற்கு ஒரு நிழல் தெரியும். மனிதர்களைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் ‘உமு’ அல்லது ‘உம்’ என்று தொடங்கும். காது கேளாதவருக்கு ‘இசிதுலு’, உடல் ஊனமுள்ளவரை இழிவாகச் சொல்ல ‘இசிலிமா’ என்று, இந்தச் சொற்கள் நாற்காலியும் பாத்திரமும் இருக்கும் ‘இசி’ என்ற பெயர்ச்சொல் வகுப்பில் போய் விழுகின்றன. (அறிஞரைக் குறிக்கும் ‘இசாஸி’யும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே வகுப்பு மட்டுமே குற்றவாளி இல்லை.)

நகைச்சுவையை எடைபோட இந்தத் திணைக் கணக்கே போதும் என்பது என் கருத்து. ஒரு காட்சியில் மாற்றுத்திறனாளி ஒருவர் வருகிறார். அவர் ஏதாவது செய்கிறாரா, விரும்புகிறாரா, ஏமாற்றுகிறாரா, ஏமாறுகிறாரா, திருப்பிப் பேசுகிறாரா? அப்படியென்றால் அவர் ஆள். மற்றவர்கள் சிரிப்பதற்காக வைத்த பொருளாக மட்டும் இருக்கிறாரா? அப்படியென்றால் சொல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் திணை இறங்கிவிட்டது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில், ஒரு இந்திப் படம் குறித்த வழக்கில், ஏறக்குறைய இதே கோட்டைத்தான் கிழித்தது. ஊனத்தைப் பற்றிய பழைய எண்ணங்களை உடைக்கும் நகைச்சுவை ஒன்று, ஊனமுள்ளவரை மட்டம் தட்டும் நகைச்சுவை இன்னொன்று, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்றது. அந்தத் தீர்ப்பு தென்னாப்பிரிக்க நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வரும் படங்களை நாம் பார்க்கிறோம் என்பதால் நமக்கும் அதில் வேலை இருக்கிறது.

‘எல்லோரையும்தானே கேலி செய்கிறோம்?’

மேடைக்காரர்களின் முதல் பதில் இது. தென்னாப்பிரிக்க இந்தியரைக் குறிக்கும் ‘சாரோ’ என்ற சொல்லால் நம்மை நாமே கேலி செய்து சிரிக்கும் அரங்கில் இவர்களுக்கு மட்டும் ஏன் விலக்கு என்கிறார்கள். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

நமக்கு இதில் நேரடி அனுபவம் உள்ள ஒரு சொல் இருக்கிறது: ‘கூலி’. தமிழில் அது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம், வெட்கப்பட ஒன்றுமில்லை. 1860 நவம்பரில் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் கரைசேர்ந்த பிறகு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும், பிறகு கடைக்காரருக்கும், வக்கீலுக்கும், எல்லா இந்தியருக்கும் அதே பெயர் ஒட்டியது. ஊதியத்தின் பெயரையே ஆளுக்கு வைத்ததால் வந்த வினை. ‘செவிடு’ நடந்த அதே வழி. ‘சாரோ’வை நாம் நமக்குள் சொல்லிக்கொள்கிறோம், ‘கூலி’யை வெளியாள் சொன்னால் பொறுப்பதில்லை. ஒலிவாங்கியைப் பிடித்திருப்பது யார், அடிபடுவது யார் என்பதை வைத்துத்தான் நாமே இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறோம். சாரோ ஜோக் சொல்பவரும் சாரோ, கேட்பவரும் சாரோ. நிகழ்ச்சி முடிந்து இருவரும் ஒரே தெருவுக்குத்தான் போவார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையைப் பற்றிய ஜோக்கில், அந்தப் பிள்ளை மேடையிலும் இல்லை, பெரும்பாலும் அரங்கிலும் இல்லை.

சக்கர நாற்காலியில் இருப்பவரே மேடையேறித் தன் நாற்காலியைப் பற்றிச் சொல்லும் ஜோக் வேறு கணக்கு. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் பெற்றோர் அவரிடமிருந்து எதையோ பறிக்கிறார்கள்.

மூன்று காட்சிகள்

பொதுவாகப் பேசினால் எல்லாம் வழுக்கிக்கொண்டே போகும். மூன்றை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

1. திக்குவாய். இங்கே சிரிப்பு காலத்தில் இருக்கிறது: சொல் வெளிவரப் பார்வையாளர் காத்திருக்கிறார், காத்திருப்பு உடைகிறது, சிரிக்கிறார். இதைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் திக்கும் பிள்ளையின் சொல்லைத் தாங்களே முடித்துவைக்கத் தொடங்குகிறார்கள். திக்கும் பிள்ளை கடினமான சொற்களைத் தவிர்க்கிறது, பிறகு கையைத் தூக்குவதையே நிறுத்துகிறது. பேச்சுப் பயிற்சியாளர்கள் முதலில் சொல்லும் பாடம், காத்திரு, முடித்துவைக்காதே என்பது. ஜோக் கற்றுக்கொடுப்பது நேர்மாறானதை.

2. வலிப்பு. தமிழ்ப் படக் காட்சிகளில் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிப்பது பழகிப்போன சிரிப்பு. மனம் புண்படுவதைவிடப் பெரிய ஆபத்து இதில் இருக்கிறது, ஏனென்றால் மக்கள் அதை முதலுதவி என்று நம்பிவிட்டார்கள். சாவி எதையும் நிறுத்தாது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும், அதனால்தான் சாவி வேலை செய்ததுபோலத் தெரிகிறது. செய்ய வேண்டியது: சுற்றியுள்ள கடினமான பொருட்களை விலக்குங்கள், தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது தெளிவு வராமலே அடுத்த வலிப்பு தொடங்கினால், 10177க்கோ கைபேசியிலிருந்து 112க்கோ அழையுங்கள்.

3. பொய் சைகை. 2013 டிசம்பர் 10 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் மண்டேலா நினைவுக்கூட்டத்தில் ஒருவர் அர்த்தமில்லாத சைகைகளைச் செய்துகொண்டு உலகத் தலைவர்களின் அருகில் நின்றார். உலகமே அதை வைத்து நகைச்சுவை செய்தது. அந்தச் சிரிப்பில் இரண்டு வகை உண்டு. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி அவர் எப்படி அங்கே வந்தார் என்று அரசைக் கேலி செய்தது ஒன்று. கையைக் கண்டபடி ஆட்டினால் அதுதான் சைகை மொழி என்பதுபோல நடித்துக் காட்டியது இன்னொன்று. அன்று ஏமாந்தவர்கள் காது கேளாத பார்வையாளர்கள். இரண்டாவது வகை அவர்களை இன்னொரு முறை ஏமாற்றியது. தனக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய் இருப்பதாக அவர் சொன்னதும் ஜோக் அந்தப் பக்கம் தாவியது தனிக் கொடுமை. தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023 ஜூலையில் நாட்டின் 12ஆவது ஆட்சிமொழியானது. கையை ஆட்டிக் காட்டும் நடிகர் இப்போது கேலி செய்வது ஓர் ஆட்சிமொழியை.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது

1. அரசியல் சாசனத்தின் 9ஆம் பிரிவு ஊனத்தின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 10ஆம் பிரிவு ஒவ்வொருவரின் கண்ணியத்தையும் காக்கிறது. 16ஆம் பிரிவு கலைப்படைப்பையும் சேர்த்துப் பேச்சுரிமை தருகிறது. அந்தப் பேச்சுரிமைக்கு வெளியே தள்ளப்பட்ட வெறுப்புப் பேச்சின் பட்டியலில் இனம், இனக்குழு, பாலினம், மதம் மட்டுமே உண்டு. ஊனம் அதில் இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை.

2. 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், ‘பெபுடா’ என்று சுருக்கமாகச் சொல்வது, ஊனத்தையும் உள்ளே கொண்டுவந்தது. வெறுப்புப் பேச்சைத் தடுக்கும் அதன் 10ஆம் பிரிவில் முதலில் மூன்று அளவுகோல்கள் இருந்தன: புண்படுத்துவது, தீங்கு விளைவிப்பது, வெறுப்பைப் பரப்புவது. 2021 ஜூலையில், 2008இல் வெளியான ஒரு பத்திரிகைப் பத்தி தொடர்பான குவெலானே வழக்கில், அரசியல் சாசன நீதிமன்றம் முதலாவதைச் செல்லாது என்றது. மற்ற இரண்டையும் ‘உம்’ போட்டு இணைத்தது: தீங்கு விளைவிக்கும் அல்லது தூண்டும் தெளிவான நோக்கமும் வேண்டும், வெறுப்பைப் பரப்பும் நோக்கமும் வேண்டும். பத்தி எழுதியவர் அந்த வழக்கில் தப்பிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதோடு 12ஆம் பிரிவு நேர்மையான கலை முயற்சிக்கு விலக்குத் தருகிறது. ஆக, மேடையில் ஒருமுறை சொன்ன பொதுவான ஜோக், எவ்வளவு வலித்தாலும், வெறுப்புப் பேச்சு ஆவது மிகவும் அரிது.

3. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு துன்புறுத்தலைத் தடுக்கிறது. பெற்றோருக்கு அதிகம் பயன்படும் கதவு இதுதான். தொடர்ந்து நடக்கும் அல்லது கடுமையான, அவமானப்படுத்தும் நடத்தை, ஊனம் போன்ற அடையாளத்தோடு தொடர்புடையதாக இருந்தால் போதும். வெறுப்பு நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை.

4. 2024 மே மாதம் கையெழுத்தான வெறுப்புக் குற்றச் சட்டத்தின் பட்டியலிலும் ஊனம் உண்டு. ஆனால் நேர்மையான கலைப்படைப்புக்கும் நிகழ்த்துகலைக்கும் அதிலேயே விலக்கு எழுதியிருக்கிறது. நடைமுறைக்கு வரும் நாளைத் தனியாக அறிவிக்க வேண்டும் என்பதும் அதன் விதி.

5. 2011ஆம் ஆண்டின் துன்புறுத்தல் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை கேட்டு ஒரு பிள்ளை பெற்றோரின் துணையில்லாமலேகூட மனுப்போடலாம்.

‘விளையாட்டுக்குத்தான் செய்தோம்’ என்பது முழுக் கவசமா? இல்லை. 2011இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், பிரிட்டோரியா மாணவர்கள் மூவர் துணைத் தலைமையாசிரியரின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டிப் பரப்பியிருந்தார்கள். ஜோக் என்ற வாதம் எடுபடவில்லை. 25,000 ராண்டும் மன்னிப்பும் தரச் சொன்னது நீதிமன்றம். அங்கே குறி ஒரு குறிப்பிட்ட ஆள். மேடையில் ‘ஊமைகள்’ என்று பொதுவாகச் சொல்வதற்கும், இன்ன வகுப்பில் படிக்கும் இன்ன பிள்ளையைச் சொல்வதற்கும் சட்டம் பார்க்கும் பெரிய வேறுபாடு இதுதான்.

குறிப்பிட்ட ஆளாக இருந்தும் தோற்ற வழக்கு ஒன்று உண்டு. கனடாவின் கியூபெக்கில், முக எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் ட்ரீச்சர் காலின்ஸ் சிண்ட்ரோமோடு பிறந்து சிறுவயதிலேயே பாடகராகப் புகழ்பெற்ற ஜெரமி கேப்ரியலை, நகைச்சுவையாளர் மைக் வார்ட் பெயர் சொல்லியே மேடையில் கேலி செய்தார். தீர்ப்பாயம் 2016இல் பையனுக்கு 35,000 டாலரும் தாய்க்கு 7,000 டாலரும் தரச் சொன்னது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தாயின் பங்கை மட்டும் நீக்கியது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் மீதியையும் தள்ளுபடி செய்தது. பெற்றோர் பார்வையில் கவனிக்க வேண்டியது நடுவில் நடந்தது. தாயின் வலி தனி வலியாக எண்ணப்படவில்லை. இங்கேயும் புகார் எழுதும்போது ‘எனக்கு வலித்தது’ என்று தொடங்கும் கடிதங்கள் வலுவிழந்து போகின்றன. பிள்ளைக்கு என்ன நடந்தது, எத்தனை நாள், யார் முன்னால் என்பதுதான் முதல் பத்தியில் இருக்க வேண்டும்.

புகார் போவதானால்

எந்த வாசலைத் தட்டுவது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது.

1. தொலைக்காட்சி, வானொலி என்றால் ஒலிபரப்புப் புகார் ஆணையம். ஒளிபரப்பான நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. மேடை நிகழ்ச்சியும் டிக்டாக் துணுக்கும் அதன் எல்லைக்குள் வரா.

2. துன்புறுத்தல், பாகுபாடு என்றால் சமத்துவ நீதிமன்றம். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களிலேயே இயங்குகிறது. ஜே693 படிவத்தை எழுத்தரிடம் கேட்டு வாங்குங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. தானாக வழக்காட முடியாதவருக்காக மற்றவர் மனுப்போடலாம் என்பதால் பெற்றோர் பெயரில் போகலாம். பணம் மட்டுமல்ல, மன்னிப்பையும், ஓர் அமைப்புக்குத் தொகை செலுத்துவதையும்கூட நீதிமன்றம் ஆணையிடலாம்.

3. துணுக்கு அழியும் முன் திரையைப் பதிவு செய்து வையுங்கள். நாள், நேரம், கணக்கின் பெயர், இணைப்பு, சொன்ன வார்த்தைகள் எழுத்துக்கு எழுத்து. ‘கேவலமாகப் பேசினார்’ என்று சுருக்கி எழுதியதால் படுத்துப்போன மனுக்கள் உண்டு.

4. பள்ளியில் நடந்தால் முதலில் பள்ளியின் நடத்தை விதித்தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள். 1996ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டப்படி ஆட்சிக்குழு அதைப் பெற்றோரையும் கலந்துதான் ஏற்க வேண்டும். ‘அந்தச் சொல்லைத் தடை செய்யுங்கள்’ என்று கேட்காதீர்கள், செக்குமாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஒருவரின் ஊனத்தைப் போல நடித்துக் காட்டுவது, அதைக் குறித்துப் பட்டப்பெயர் வைப்பது’ என்று நடத்தையை விவரிக்கும் வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்போது அடுத்த சொல் வந்தாலும் விதி பொருந்தும்.

வீட்டில்

படங்களின் தரச்சான்றில் வயதுக்குப் பக்கத்தில் வரும் எழுத்துகளில் ‘பி’ (P) என்பது பாகுபாட்டைக் குறிக்கும். அதைப் பார்க்கப் பழகலாம். ஆனால் கைபேசித் துணுக்குக்குச் சான்று கிடையாது. ஆகவே ஜோக் எப்படியும் வீட்டுக்குள் வரும்.

ஊனமில்லாத பிள்ளை அந்த வரியைச் சொல்லிச் சிரித்தால், அதட்டினால் அந்தச் சொல்லுக்கு விலை ஏறும், அவ்வளவுதான். ‘இதில் எதற்குச் சிரிப்பு வந்தது, விளக்கு’ என்று அமைதியாகக் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறுவார்கள். ‘அவன் பேசறது...’ என்று தொடங்கி நின்றுவிடுவார்கள். அங்கே நிறுத்தி, அதே காட்சியில் அந்த ஆள் திருப்பிப் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேளுங்கள். ஆத்தாவும் மாமாவும் அதே சொல்லைச் சாப்பாட்டு மேசையில் சொல்கிறார்கள் என்றால், பிள்ளை முன்னால் திருத்தாமல் பிறகு தனியே சொல்வது நல்லது. சபையில் திருத்தப்பட்ட பெரியவர் அடுத்த வாரம் இன்னும் சத்தமாகச் சொல்வார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் விஷயத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பலருக்குக் கேட்ட வசனத்தை அப்படியே திரும்பச் சொல்லும் பழக்கம் இருக்கும், ‘எக்கோலேலியா’ என்பார்கள். தொனியும் இடைவெளியும் மாறாமல், மூன்று நாள் கழித்துக்கூட வரும். ‘லூசு’ என்ற வசனத்தை அந்தப் பிள்ளையே வகுப்பில் ஆசிரியரைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அது வசவாகத்தான் பதிவாகும். அந்தச் சமயம் அந்த வரி பிள்ளைக்குப் பசியையோ பயத்தையோ குறிக்கலாம்: முதன்முதலில் அதைக் கேட்டபோது என்ன உணர்ந்ததோ அது. எந்த வசனம் எப்போது வருகிறது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து, அந்தப் பட்டியலைப் பிள்ளையின் தனிநபர் ஆதரவுத் திட்டத்தோடு இணைத்துவிடச் சொல்லுங்கள். ஜனவரியில் வகுப்பும் ஆசிரியரும் மாறும்போது, கோப்பில் இருக்கும் அந்தப் பட்டியல் மட்டும்தான் பிள்ளையோடு கூடப் போகும்.